குளோமார் பதிலுக்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

மதுரையிலிருந்து:

நண்பர்களுக்கு வணக்கம். ஒரு சொல் அவசரமாக வேண்டும். காவல்துறை வைத்திருக்கும் கண்காணிப்புக் கருவிகள் பற்றிய ஆவணங்களைக் கேட்டுப் பெறுவது எப்படி என்று இதழியல் மாணவர்களுக்கு ஒரு பாடம் எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். அதில் நியூயார்க் வழக்கு ஒன்று வருகிறது. 2012-இல் முஸ்லிம்கள் இருவர், தங்களை வேவு பார்த்த ஆவணங்களைத் தாருங்கள் என்று நகரக் காவல்துறையிடம் விண்ணப்பித்தார்கள். ‘தர முடியாது’ என்பதோடு பதில் நின்றிருந்தால் ‘மறுப்பு’ என்று எழுதிவிட்டுப் போயிருப்பேன். ஆனால் அப்படி ஆவணம் இருக்கிறதா என்பதையே சொல்ல மாட்டோம் என்றது காவல்துறை. 2018-இல் அந்த மாநிலத்தின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றமும் இதை ஏற்றுக்கொண்டது. இந்த வகைப் பதிலை அங்கே ‘குளோமார்’ என்கிறார்கள். நான் ‘மழுப்பல்’ என்று எழுதிப் பார்த்தேன். அது வசைபோல இருக்கிறதே தவிர, சட்டத்தில் இதற்கென ஓர் இடம் இருப்பதைக் காட்டவில்லை.

நியூ ஜெர்சியிலிருந்து:

அக்கா, குளோமார் ஒரு கப்பலின் பெயர். 1968-இல் பசிபிக்கில் மூழ்கிய கே-129 என்ற சோவியத் நீர்மூழ்கியைத் தூக்க 1974-இல் அமெரிக்க உளவு அமைப்பான சிஐஏ அனுப்பிய ‘ஹியூஸ் குளோமார் எக்ஸ்ப்ளோரர்’. கடலடியில் மாங்கனீசு எடுக்கப் போகிறோம் என்று வெளியில் சொல்லிக்கொண்டார்கள். மறு வருடம் சேதி கசிந்தது. ஒரு பத்திரிகையாளர் ஆவணம் கேட்டார். உண்டு என்றோ இல்லை என்றோ சொல்ல மறுத்தார்கள். அவர் தொடுத்த வழக்கில் வந்த 1976 தீர்ப்போடு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. ‘குளோமார்’ என்பதே ‘குளோபல் மரைன்’ என்ற கம்பெனிப் பெயரைக் கத்தரித்து ஒட்டியதுதான். மொழிபெயர்க்க அதில் பொருள் எதுவும் இல்லை. ‘குளோமார் பதில்’ என்றே விடுங்கள், மாணவர்கள் தேடிப் படிக்க அதுதான் உதவும்.

கும்பகோணத்திலிருந்து:

தம்பி, கப்பல் பெயரைச் சுமக்கும் அளவுக்குத் தமிழ் வறண்டு போகவில்லை. நன்னூலார் விடை எட்டு வகை என்றார்: சுட்டு, மறை, நேர், ஏவல், வினாதல், உற்றதுரைத்தல், உறுவது கூறல், இனமொழி. ‘செய்வாயா?’ என்றால் ‘கை வலிக்கும்’ என்பதைக்கூட விடையாகக் கணக்கில் எடுத்தவர்கள் நம்மவர்கள். அவ்வளவு நுட்பமாகப் பிரித்த பட்டியலிலும் இந்தக் காவல்துறைப் பதில் அடங்கவில்லை என்பதை முதலில் கவனியுங்கள். நேரும் (உடன்படுதல்) இல்லை, மறையும் (மறுத்தல்) இல்லை.

ஆனால் மணிமேகலையில் இருக்கிறது. முப்பதாம் காதையில் பௌத்தத் துறவி அறவண அடிகள் வினாவுக்கு விடை நான்கு என்கிறார். துணிந்து சொல்லல், கூறிட்டு மொழிதல், வினாவின் விடுத்தல், நான்காவது வாய்வாளாமை, அதாவது பேசாதிருத்தல். ஆகவே ‘வாய்வாளா விடை’. எனக்கு இன்னொன்றும் தோன்றுகிறது.    ‘மறை’ என்பதில் மறுத்தலும் மறைத்தலும் சேர்ந்தே இருக்கின்றன. இரண்டையும் ஒரு சொல்லில் செய்கிற இந்தப் பதிலுக்கு ‘மறைவிடை’ என்பது எவ்வளவு பொருத்தம்!

யாழ்ப்பாணத்திலிருந்து:

ஐயாவின் மடலை இரண்டு தரம் வாசித்தேன். மணிமேகலையை நினைவூட்டியதற்கு நன்றி. ஆனாலும் உடன்பட முடியவில்லை. ‘மறைவிடை’யை மறை, விடை என்று பிரிப்பவர் தமிழ் படித்தவர்தான். மற்றவர்கள் மறைவிடம் என்பதன் அச்சுப்பிழை என்றே நினைப்பார்கள்.

வாய்வாளாமைக்கு அங்கே தரப்பட்ட எடுத்துக்காட்டையும் பாருங்கள். ஆகாயப் பூ பழையதா புதியதா என்று ஒருவன் கேட்டால் பேசாதிருக்க வேண்டும். அதாவது கேள்வியே பொருளற்றது, அதனால் மௌனம். பொலிஸ் தன்னைப் பின்தொடர்ந்ததா என்று கேட்பவர் ஆகாயப் பூவைப் பற்றியா கேட்கிறார்? அந்தச் சொல்லை இங்கே கொண்டுவந்தால் கேட்டவர்தான் அசடு என்று ஆகிவிடும். எங்கள் நாட்டிலும் 2016-இல் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்தது. விண்ணப்பம் எழுதிக்கொண்டு அலுவலகப் படி ஏறுகிற மனிதர்களை எனக்குத் தெரியும். அவர்களுடைய கேள்வியைச் சிறுமைப்படுத்தும் சொல் வேண்டாம்.

மதுரையிலிருந்து:

இதோடு இன்னொரு சிக்கலும் உண்டு ஐயா. வாய்வாளாமை என்றால் பேசாதிருத்தல். இந்தியாவின் 2005 தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பேசாதிருப்பதற்குத் தனி விளைவு இருக்கிறது. 30 நாளுக்குள் முடிவு சொல்லாவிட்டால் மறுத்ததாகவே கொள்ள வேண்டும் என்கிறது பிரிவு 7(2). மேல்முறையீட்டுக்குப் போகலாம். நியூயார்க்கில் நடந்தது மௌனம் இல்லை, கையெழுத்திட்டு அனுப்பிய பதில். இரண்டுக்கும் ஒரே சொல் வந்தால் மாணவர்கள் குழம்பிவிடுவார்கள்.

கோவையிலிருந்து:

நான் தாமதமாக வருகிறேன், மன்னிக்கவும். ‘இருக்கிறதா’ என்பதுதான் இதன் மையம். தருக்க நூல்களில் இருத்தலுக்கு ‘உண்மை’, இல்லாமைக்கு ‘இன்மை’. ‘உண்மையின்மை கூறா விடை’ என்றால் கச்சிதம். ஆனால் இன்று இதைப் படிக்கிறவருக்குப் ‘பொய்ப் பதில்’ என்றுதான் படும். உள் என்ற வேரிலிருந்து வந்த சொல், இருப்பதைக் குறித்த சொல், மெல்ல மெல்ல வாய்மையின் இடத்துக்குப் போய் உட்கார்ந்துவிட்டது. அதைத் திரும்ப அழைக்க முடியாது.

‘உண்டில்லை கூறா மறுமொழி’ என்று எழுதிப் பார்த்தேன். வீட்டில் படித்துக் காட்டினேன். ‘உண்டு இல்லைன்னு ஆக்கிடுவேன்’ என்ற மிரட்டல்தான் உடனே நினைவுக்கு வருகிறது என்றார்கள். காவல்துறை பற்றிய பாடத்தில் அது வேண்டாம். பேச்சில் ‘பிடிகொடுக்காமல் பேசினார்’ என்கிறோமே, ‘பிடிகொடாப் பதில்’ எப்படி?

நியூ ஜெர்சியிலிருந்து:

பிடிகொடாப் பதில் அழகு. ஆனால் அது எல்லா நழுவலுக்கும் பொருந்தும். இங்கே முக்கியம் ஒன்றுதான், இருப்பை ஒப்புக்கொள்ள மறுப்பது. பிரிட்டனின் 2000-ஆம் ஆண்டுத் தகவல் சுதந்திரச் சட்டம் இதைத் தெளிவாகப் பிரிக்கிறது. தகவல் தம்மிடம் இருக்கிறதா இல்லையா என்று சொல்வது ஒரு கடமை, அந்தத் தகவலைத் தருவது வேறு கடமை.

முதல் கடமையின் மதிப்புக்கு ஓர் உதாரணம். ஸ்டிங்ரே என்ற கருவி செல்போன் கோபுரம்போல நடித்து, அக்கம்பக்கத்துப் போன்களையெல்லாம் தன்னோடு பேச வைக்கும். இதைப் பற்றி வெளியே சொல்லக் கூடாது என்று உள்ளூர்க் காவல்துறைகளிடம் எஃப்பிஐ கையெழுத்து வாங்கியிருந்தது. நியூயார்க் சிவில் லிபர்ட்டீஸ் யூனியன் என்ற குடிமை உரிமை அமைப்பு மாநிலத் தகவல் சட்டத்தின்படி விண்ணப்பித்த பிறகுதான், 2008 முதல் 2015 வரை நகரக் காவல்துறை அதை 1,000 தடவைக்கு மேல் பயன்படுத்தியது 2016-இல் தெரிந்தது. இருக்கிறது என்று ஒரு வரி வந்தால்தான் எத்தனை, எவ்வளவு செலவு, யார் அனுமதித்தார் என்று அடுத்துக் கேட்க முடியும்.

யாழ்ப்பாணத்திலிருந்து:

ஸ்டிங்ரே என்றால் திருக்கை மீன். வாலில் முள் உள்ளது. அந்தக் கருவிக்கும் பெயர் வைக்கப் போகிறோமா? நான் ‘போலிக் கோபுரம்’ என்பேன்.

கும்பகோணத்திலிருந்து:

கோபுரம் என்றால் எங்கள் ஊரில் வேறு. அதைத் தனி மடலாக வைத்துக்கொள்வோம்.

மதுரையிலிருந்து:

ஆமாம், இன்றைக்கு ஒரு சொல் போதும். தம்பி சொன்னது எனக்கு நன்றாகப் பிடிபட்டது. டெல்லியில் இப்படித்தான் நடந்தது. முக அடையாளக் கருவி 80 சதவீத ஒற்றுமை காட்டினாலே பொருந்தியதாக எடுத்துக்கொள்கிறோம் என்று இன்டர்நெட் ஃப்ரீடம் ஃபவுண்டேஷன் என்ற இணைய உரிமை அமைப்புக்கு 2022-இல் காவல்துறை பதில் தந்தது. கருவி உண்டா என்பதற்கே வாய் திறக்காமல் இருந்திருந்தால் 80 என்ற எண்ணைப் பற்றி யாரும் கேட்டிருக்கவே முடியாது.

அதனால் ‘இருப்பு’ என்ற சொல் உள்ளே வர வேண்டும். ‘இருப்பு கூறா மறுமொழி’ என்று எழுதுகிறேன். முதல் முறை வரும் இடத்தில் மட்டும் ‘குளோமார்’ என்பதையும் சேர்க்கிறேன். ரேஷன் கடைப் பலகையில் ‘இருப்பு’ என்று தினமும் பார்க்கிறவர்களுக்குப் புரியும்.

கோவையிலிருந்து:

சரி. பிடிகொடாப் பதிலை விட்டுவிடுகிறேன்.

யாழ்ப்பாணத்திலிருந்து:

எனக்கும் சம்மதம். முழு மனதாக என்று சொல்ல மாட்டேன். கடைக்காரரின் இருப்பும் ஆவணத்தின் இருப்பும் ஒன்றா என்று இன்னும் யோசிக்கிறேன்.

கும்பகோணத்திலிருந்து:

‘கூறா’ என்ற ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம் சரியாக விழுந்திருக்கிறது, அதில் குறை இல்லை. ஆனால் இது ஒரு விளக்கம்தான், சொல் ஆகவில்லை. மூன்று சொல் சேர்ந்ததை எந்த நிருபர் தலைப்பில் போடுவார்? ஆகாயப் பூ பற்றி யாழ்ப்பாணத்து நண்பர் சொன்னதை நான் ஒப்புக்கொள்கிறேன். இருந்தும் வாய்வாளாமையைக் கைவிட மனம் வரவில்லை. உடன்பட்டவர்கள் பட்டியலில் என்னைச் சேர்க்க வேண்டாம்.

மதுரையிலிருந்து:

சேர்க்கவில்லை ஐயா. அச்சுப்படி நாளை காலை வருகிறது. ஒரே ஓர் இடம் மீதி: ‘காவல்துறை குளோமார் செய்தது’ என்று வினையாக வரும் வாக்கியம். ‘இருப்பு கூறா மறுமொழி அளித்தது’ என்று எழுதினால் வரி நீண்டுவிடுகிறது. இரவுக்குள் யாராவது ஒரு வினைச்சொல் சொல்லுங்கள்.