ஜப்பான் பாட்டி, யூதத் தாத்தா: வேர் தேடிப் போனவர்கள் எழுதுங்கள்

கோபே_பேத்தி:
கோசெகி, அதாவது ஜப்பானியக் குடும்பப் பதிவேடு, என்றால் என்ன என்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டாம். தாத்தா பம்பாயில் பிறந்த பாக்தாத் யூதர், கோபேயில் துணி வியாபாரம். பாட்டி அந்த ஊர்க்காரி, 1920களில் கல்யாணம். கொள்ளுத்தாத்தா பெயரில் இருந்த பழைய பதிவேட்டின் நகலை வார்டு அலுவலகத்தில் கேட்டேன். பாட்டியின் பெயர் மேல் பெரிய பெருக்கல் குறி. இறந்தவர்களுக்கும் அதே குறிதான், கல்யாணமாகி வேறு வீட்டுக்குப் போனவர்களுக்கும் அதேதான், அது தெரிந்துதான் போனேன். ஆனால் பாட்டிக்கு எழுதியிருந்த காரணம், பிரிட்டிஷ் பிரஜையை மணந்ததால் ஜப்பானியக் குடியுரிமை இழப்பு. அதாவது போர் வந்தபோது பிறந்த ஊரிலேயே அவள் எதிரி நாட்டுப் பிரஜை! கவுண்டரில் இருந்த பெண் அந்த வரியைப் படித்துவிட்டு என்னிடம் தலைகுனிந்து மன்னிப்புக் கேட்டார். அவர் ஏன் கேட்க வேண்டும்? இன்னும் உறுத்துகிறது.

துறைமுகத்தான்:
உங்களுக்காவது காகிதம் இருக்கிறது. எங்கள் வீட்டில் இருப்பது ஒரே கதைதான்: தாத்தா 1940இல் லித்துவேனியாவின் கௌனாஸில், யூத அகதிகளுக்கு விசா கொடுத்த ஜப்பானியத் தூதரக அதிகாரி சுகிஹாராவிடம் விசா வாங்கி, கப்பலில் ஜப்பானின் சுருகா துறைமுகத்துக்கு வந்தார். சுகிஹாராவின் பட்டியலில் 2,139 பெயர்கள், தாத்தா இல்லை. அப்புறம் மாமாவின் பெட்டியில் கிடைத்த தாளில் மஞ்சூரியாவின் ஹார்பின் நகர முத்திரை, வருஷம் 1936. மாமாவிடம் காட்டினால் முத்திரை பொய் என்கிறார். அதைவிட, சுருகா அருங்காட்சியகத்தில் ஒரு பெரியவர், அகதிகளுக்குக் காசு வாங்காமல் திறந்துவிட்ட குளியல்கூடத்தைப் பற்றிச் சொல்லிவிட்டு, "உங்கள் தாத்தாவும் அங்கே குளித்தாரா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவ்வளவு ஆசையாகக் கேட்டவரிடம் வேறென்ன சொல்வது?

மன்சனார்_பேரன்:
துறைமுகத்தான், பட்டியலில் பெயர் இல்லாததை வைத்து முடிவு கட்டாதீர்கள், மனைவி பிள்ளைகள் பலர் கணவர் விசாவிலேயே வந்தவர்கள். தாத்தா தனியாள் என்றால் சரி, முத்திரைதான் உண்மை.

எங்களுடையது கலிஃபோர்னியா. பாட்டி யூதப் பெண், தாத்தா நிசெய், அதாவது ஜப்பானியப் பெற்றோருக்கு அமெரிக்காவில் பிறந்தவர். அங்கே 1948 வரை அந்தக் கல்யாணம் செல்லாது, அதனால் சியாட்டில் போய் முடித்தார்கள். 1942இல் அப்பாவுக்கு மூன்று வயது. ஜப்பானிய வம்சாவளியினரைப் போர்க்காலத்தில் அடைத்துவைத்த முகாமுக்குப் பிள்ளையை அனுப்பியே ஆக வேண்டும், அம்மா வெளியில் இருக்கலாம் என்றார்களாம். பாட்டியும் கூடவே போய்விட்டாள். இதைச் சொன்னால் எல்லோரும் எலைன் யொனேடா கதைதானே என்கிறார்கள், அவரும் அப்படிப் போனவர்தான், ஆனால் என் பாட்டிக்கென்று ஒரு கதை கிடையாதா? அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்திலிருந்து அப்பாவின் முகாம் கோப்பு வந்தது. மதம் என்ற கட்டத்தில் 'புத்தம்' என்று தட்டச்சு. பக்கத்தில் பென்சிலில் 'யூதர்', அதற்குப் பின்னால் ஒரு கேள்விக்குறி. பாட்டி கையெழுத்து இல்லை. மூன்று வயதுப் பிள்ளையைப் பார்த்து எவனோ யோசித்திருக்கிறான்.

பழைய_ஏடு:
என் கதை சின்னது, நாகசாகி சகமோட்டோ கல்லறையின் யூதப் பகுதியில் கொள்ளுத்தாத்தா கல்லைப் பார்த்தேன், எழுத்து தேய்ந்துபோயிருந்தது, அவ்வளவுதான். ஆனால் இங்கே எழுதுகிறவர்களுக்குச் சில விஷயங்கள் சொல்லியாக வேண்டும். நீக்கப்பட்ட பதிவேடுகளை முன்பு 80 வருஷம்தான் வைத்திருப்பார்கள், 2010இலிருந்து அது 150 ஆனது, ஆனால் அதற்கு முன்பே கழித்துக் கட்டியது திரும்பி வராது, ஆகவே தள்ளிப்போடாதீர்கள். 1872 பதிவேட்டைக் கேட்டு நேரத்தை வீணாக்காதீர்கள், சாதி விவரம் இருப்பதால் 1968இலேயே பூட்டிவிட்டார்கள். 2024 மார்ச்சிலிருந்து நேரடி வாரிசு என்றால் எந்த ஊர் அலுவலகத்திலும் வாங்கலாம், ஆனால் நேரில் போக வேண்டும். டிஎன்ஏ சோதனை செய்தால், அஷ்கெனாசி, அதாவது ஐரோப்பிய யூதர், பக்கத்தில் 'மூன்றாம் தலைமுறை உறவு' என்று வருவதையெல்லாம் நம்பிக் கடிதம் போடாதீர்கள். நூற்றாண்டுகளாகத் தங்களுக்குள்ளேயே மணந்தவர்கள், எல்லோரும் எல்லோருக்கும் நெருக்கமாகத்தான் தெரிவார்கள். முதலில் ஜப்பானியப் பக்கத்தை முடியுங்கள். கோபே அக்கா, நீங்களும்தான்.

கோபே_பேத்தி:
ஏடு, என் தாத்தா பாக்தாத் வழி என்று முதல் பதிவிலேயே இருக்கிறது, அஷ்கெனாசி கணக்கு எனக்கு எதற்கு? ஜப்பானியப் பக்கம் முடிந்ததால்தானே எழுதினேன். எனக்கு வேண்டியது கல்யாணப் பதிவு. பிரிட்டிஷ் தூதரகத்தில் பதிந்திருந்தால் நகல் லண்டனுக்குப் போயிருக்கும். அப்படி வாங்கியவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள், தூதரகத்தின் பெயரைத் தெரிந்துகொண்டு கேட்க வேண்டுமா, வருஷம் மட்டும் போதுமா?