ஆர்டர் கிளம்பிப் போன பிறகு

சட்டை தைக்கும் ஆலையில் லைன் சூப்பர்வைசராக இருந்தேன். எந்த நாட்டிலிருந்து எவ்வளவு துணிமணி வாங்கலாம் என்று உலக ஜவுளி வர்த்தகத்தில் இருந்த கோட்டா 2005 ஜனவரியோடு முடிந்தது. எங்களிடம் சட்டை வாங்கிவந்த பையர் விலை குறைந்த நாட்டுக்குப் போய்விட்டார். தரத்தில் ஒரு குறையும் சொல்லவில்லை. ஒரு சட்டைக்கான பீஸ் ரேட்டில் சில காசு வித்தியாசம், அவ்வளவுதான்.

மூடுவதற்குக் கொஞ்ச நாள் முன்பு ஆர்டர் போகவிருந்த வெளிநாட்டு ஆலையிலிருந்து சிலர் வீடியோ எடுக்க வந்தார்கள். காலர் தைக்கும் அக்காவை மெதுவாகத் தைத்துக் காட்டச் சொன்னார்கள். அவரும் மறுக்காமல் காட்டினார். தையல் ஓரம் கோணாமல் போவதற்காக மெஷின் தட்டில் அவர் ஒட்டி வைத்திருந்த டேப்பைக்கூட அளவெடுத்துக்கொண்டார்கள். அதை அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. வருடக்கணக்காகத் தைத்துத் தைத்து அவரே கண்டுபிடித்தது. செட்டில்மென்ட்டில் அதற்கென்று எதுவும் இல்லை. அப்புறம் மறுபயிற்சி என்று ஒரு கம்ப்யூட்டர் வகுப்பு நடத்தினார்கள். ஐம்பதைத் தொட்டவர்களை அதற்குப் பிறகும் யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை.

*

நான் வேறொருவன், இப்படி ஆர்டர்கள் போய்ச் சேர்ந்த பக்கத்தில் இருந்தவன். எத்தியோப்பியாவில் ஹவாசா தொழிற்பூங்காவில் தையல் பயிற்சி கொடுத்தேன். தொடக்கத்தில் அடிப்படைச் சம்பளம் மாதம் 26 டாலர் அளவில்தான் இருந்தது. தனியார் ஆலைகளுக்குச் சட்டப்படி குறைந்தபட்ச ஊதியமே அப்போது அங்கே இல்லை. கிராமங்களிலிருந்து வந்த பெண்கள் ஒரே அறையில் நான்கைந்து பேராகத் தங்கி, வாடகை போக மிஞ்சியதில் காலம் தள்ளினார்கள். இவர்களைப் போய் வேலையைப் பறித்தவர்கள் என்று பேசினால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

அதுவும் நிலைக்கவில்லை. அந்த நாட்டின் வடக்கே திக்ரே பகுதியில் மூண்ட உள்நாட்டுப் போரில் நடந்த மனித உரிமை மீறல்களைக் காரணம் காட்டி, 2022 ஜனவரியில் எத்தியோப்பியாவுக்கான வரிச்சலுகையை அமெரிக்கா நிறுத்தியது. பையர்கள் கிளம்பினார்கள், பல ஆலைகள் ஆட்குறைப்பு செய்தன. போரில் அந்தப் பெண்களுக்கு என்ன பங்கு? மெஷினைத் தொட்டுப் பழகிக் கை ஓடத் தொடங்கிய நேரத்தில் வேலை போனது.

*

சூப்பர்வைசர் அண்ணா, காலர் தைத்த அந்த அக்காவுக்குச் சம்பள பாக்கி முழுதாக வந்ததா? மூடப்பட்ட எங்கள் ஆலையில் மெஷின்கள் கேட்டைத் தாண்டியதும் நிர்வாகம் பேச்சுவார்த்தைக்கு வருவதையே நிறுத்திவிட்டது. மூடப்போகிறார்கள் என்று பேச்சு காதில் விழுந்தால், மெஷின் லாரியில் ஏறுவதற்கு முன்பே சம்பள பாக்கிக் கணக்கையும் சர்வீஸ் சான்றிதழையும் கையெழுத்தோடு வாங்கிவிடுங்கள்.