போன்ல ஆடுற ஃபேன்டஸி ஆர்பிஜியில (பாத்திரத்தை வளர்த்து ஆடுற ஆட்டம்) சுவை எங்க இருக்கு: லெவல்லயா, நாம எடுக்குற முடிவுலயா? (கடலூர்–புதுச்சேரி ஆட்டக்காரர்கள் திரி)

மஞ்சக்குப்பம்_மாயாவி:
போன திரியில ஒருத்தர் "லெவல் ஏறணும், நம்பர் கூடணும், ஆர்பிஜின்னா அவ்வளவுதான்"னு எழுதியிருந்தார். அதை மறுக்கத்தான் இந்தத் தனித் திரி.

தானா ஆடுற ஆட்டோ பட்டனை அமுக்கி போனைக் கீழ வச்சுப் பாருங்க. நீங்க ஆடுறதைவிட அது நல்லா ஆடி ஜெயிச்சா, அந்தச் சண்டையில உங்களுக்கு வேலையே கிடையாது. நம்பர் எவ்வளவு ஏறினாலும் கொஞ்ச நாள்ல சலிச்சுடும்.

இதுக்கு நேரெதிர் உதாரணம் ஷாட்டர்டு பிக்ஸல் டஞ்சன். ஆண்ட்ராய்டுல இலவசம், நெட் வேண்டாம், விளம்பரம் இல்லை. கட்டம் கட்டமா நகரணும், நீங்க அசையாத வரைக்கும் அரக்கனும் அசைய மாட்டான். ஆயுதம், கவசத்தை வலுவாக்குற மேம்பாட்டுச் சுருள் 5 தளத்துக்கு 3 தான் உறுதி, 25 தளத்துக்கு மொத்தம் 15. எல்லாத்தையும் ஒரே கவசத்துல போடுறதா, மந்திரக்கோலுக்கும் பிரிக்கிறதான்னு நீங்கதான் தீர்மானிக்கணும். ஆளுக்குக் கொஞ்சம்னு பிரிச்சுப் போட்டவங்க பெரும்பாலும் கீழ்த் தளங்கள்ல திணறுவாங்க.

மருந்துப் புட்டிகளோட நிறம் ஒவ்வொரு ஆட்டத்துலயும் மாறும். தெரியாத புட்டியை உயிர் முழுசா இருக்கும்போது, சுத்தி எதிரி இல்லாதப்போ, தண்ணிக் கட்டத்துக்குப் பக்கத்துல நின்னு குடிக்கணும். தீ பத்திக்கிட்டா தண்ணியில ஒரு அடி வச்சா அணைஞ்சிடும். விஷப் புகை வந்தா வந்த வழியே வெளியேறணும், அதனால முட்டுச்சந்து அறையில குடிக்கக் கூடாது. கதவுக்குப் பக்கவாட்டுல ஒளிஞ்சு நின்னா, உள்ள வர்ற எதிரிக்கு விழுற முதல் அடி தப்பவே தப்பாது. 5-ஆம் தளத்துல வர்ற கூ-ங்கிற தலைவன் அரக்கனுக்குத் தண்ணியில நின்னா உயிர் ஊறும், அதனால அதை வறண்ட தரைக்கு இழுத்துட்டு வரணும். அது உடம்பை ஊதினா அடுத்த அடி பல மடங்கு. அந்த முறை அடிக்காம விலகணும்.

லெவலும் அதுல இருக்கு. ஆனா உங்க லெவலுக்கு ரொம்பக் கீழ இருக்குற எதிரியைக் கொன்னா அனுபவப் புள்ளி கிடையாது, பசி வேற ஏறிக்கிட்டே இருக்கும். ஒரே இடத்துல நின்னு அரைச்சு லெவல் ஏத்துற வழியை அடைச்சு வச்சிருக்காங்க. அதுதான் நல்ல வடிவமைப்பு.

முத்தியால்பேட்டை_வில்லாளி:
மாயாவி ப்ரோ, நீங்க சொல்றது ஒரு வகை ஆட்டத்துக்குச் சரி. செத்தா எல்லாம் போச்சுங்கிற ஆட்டத்துல, நான் வளர்த்த ஆள்னு சொல்லிக்க யாரும் மிஞ்ச மாட்டாங்க. மாசக்கணக்கா ஒரு அணியைச் சேர்த்து, வளர்த்து, அது கைக்கு வசப்படுறதுதான் எங்களுக்குப் பிடிச்சது. அங்க முடிவே இல்லைன்னு சொல்றதை ஏத்துக்க மாட்டேன்.

ஜென்ஷின் இம்பாக்ட்ல பென்னட்னு ஒரு 4 நட்சத்திர ஆள். அவனோட பெருந்தாக்குதல் தரையில ஒரு வட்டம் போட்டு, அதுக்குள்ள நிக்கிற ஆளோட தாக்குவலிமையைக் கூட்டும். எவ்வளவு கூட்டும்ங்கிறது அவனோட அடிப்படைத் தாக்குவலிமையைப் பொறுத்தது. ஆர்ட்டிஃபாக்ட்ல (பூ, இறகு, கோப்பைன்னு ஆள் அணியுற 5 துண்டு) ஏத்துற தாக்குவலிமை அந்தக் கணக்குல சேராது. அதனால அவனுக்கு லெவலும், அடிப்படை எண் பெரிசா இருக்குற வாளும் கொடுத்துட்டு, ஆர்ட்டிஃபாக்ட்ல எனர்ஜி ரீசார்ஜையும் (பெருந்தாக்குதல் சீக்கிரம் தயாராக) உயிரையும் பார்க்கணும். இது தெரியாம தாக்குவலிமையா அடுக்கிட்டு "ஏன் டேமேஜ் ஏறல"ன்னு கேக்குறவங்க ஏராளம்.

வரிசையும் முக்கியம். பென்னட்டை முதல்ல போட்டு, அந்த வட்டத்துக்குள்ள நின்னு சியாங்லிங்கோட நெருப்புச் சக்கரத்தை விடணும். விடுற நொடியில இருக்குற வலிமையை அந்தச் சக்கரம் பிடிச்சு வச்சுக்கும், அப்புறம் வட்டத்தை விட்டு வெளிய வந்தாலும் குறையாது. மாத்திப் போட்டா அத்தனையும் வீண். கூட ஷிங்ச்யூவோட தண்ணி வாள் இருந்தா, தண்ணி பட்ட எதிரி மேல நெருப்பு விழுறப்போ 1.5 மடங்கு. சியாங்லிங்கை ஸ்பைரல் அபிஸ்ங்கிற அடுக்குச் சண்டைக் களத்துல 3-ஆம் தளம் முடிச்சா சும்மாவே தர்றாங்க. இந்த 4 நட்சத்திர அணி 12-ஆம் தளம் வரைக்கும் போகும்.

மஞ்சக்குப்பம்_மாயாவி:
பென்னட் கணக்கு அருமை, மறுக்கல. ஆனா அந்த அணியைத் தயார் பண்றதுக்கு நடுவுல என்ன நடக்குதுன்னும் சொல்லுங்க. குகையில பொருள் எடுக்கச் செலவாகுற ரெசின் 8 நிமிஷத்துக்கு 1, ஒரு நாளைக்கு 180. ஆர்ட்டிஃபாக்ட் குகை ஒரு தடவைக்கு 20, ஆக 9 தடவை. நெருப்பு டேமேஜ் கோப்பை வேணும்னு வச்சுக்குங்க. விழுற பொருள் கோப்பையா இருக்க ஐந்தில் ஒண்ணு, நீங்க கேக்குற செட்டா இருக்க பாதி, முக்கிய எண் நெருப்பா இருக்க 5%. பெருக்கினா 0.5%. சராசரியா 200 பொருள் பார்க்கணும், கிட்டத்தட்ட 3 வாரம். அதுல துணை எண் மோசமா விழுந்தா மறுபடி முதல்லேர்ந்து. இந்த 3 வாரத்துல ஆட்டக்காரன் எடுக்குற முடிவு என்ன?

முத்தியால்பேட்டை_வில்லாளி:
எடுக்க வேண்டிய முடிவே அங்கதான் இருக்கு. செட் பலனுக்கு 4 துண்டு போதும், அஞ்சாவது எந்தச் செட்டா இருந்தாலும் பரவாயில்ல. கோப்பையை வெளிச் செட்லேர்ந்து எடுத்தா உங்க 0.5% உடனே 1% ஆயிடும். குப்பையா விழுந்த மூணைக் கொடுத்து ஒண்ணு வாங்கலாம். 5.0 பதிப்புல வந்த எலிக்ஸிரைச் சேர்த்து வச்சா முக்கிய எண்ணை நாமே தேர்ந்தெடுக்கலாம், அதையும் கோப்பைக்குத்தான் செலவு பண்ணணும். பூவுக்கும் இறகுக்கும் முக்கிய எண் மாறவே மாறாது, அங்க செலவழிச்சா நஷ்டம்.

ஓ.டி._ஓநாய்:
தம்பிகளா, ரெண்டு பேரும் போனையே மறந்துட்டீங்க. ஆட்டம் எவ்வளவு ஆழமா இருந்தாலும் திரை திணறினா சுவை போச்சு.

செகண்டுக்கு 60 பிரேம்னா (திரையில மாறுற படம்) ஒரு பிரேம் 16.7 மில்லிசெகண்ட், 30-ன்னா 33.3. நம்ம ஊர் மே மாசப் புழுக்கத்துல பெரிய ஆட்டத்தை 60-ல ஓட்டினா, கொஞ்ச நேரத்துல சிப் சூடாகித் தன் வேகத்தைத் தானே குறைச்சுக்கும். பிரேம் 60-க்கும் 40-க்கும் நடுவுல தாவும். விலகுற நேரம் கைக்குப் பழகவே பழகாது. நிலையான 30 அதைவிட எவ்வளவோ மேல். முதல்ல 30-ல பூட்டுங்க. அப்புறம் நிழலைக் குறைங்க, ரெண்டர் ரெசல்யூஷனை நடுவுல வைங்க, மோஷன் பிளரை நிறுத்துங்க. பின் கவரைக் கழட்டுங்க, சார்ஜ் போட்டுக்கிட்டே ஆடாதீங்க. வியர்வை விரலை டச் ஸ்கிரீன் தப்பாப் படிக்கும், பக்கத்துல ஒரு பருத்தித் துணி இருக்கட்டும்.

பட்டன் அளவும் அப்படித்தான். ஆண்ட்ராய்டு வடிவமைப்பு வழிகாட்டி 48 டிபி, அதாவது ஏறக்குறைய 9 மில்லிமீட்டர் கேக்குது. அதுக்குக் கீழ 6 மந்திர பட்டனை வலது மூலையில நெருக்கி வச்ச ஆட்டத்தைக் கடலூர்–பாண்டி பஸ்ல ஆட முடியாது. கன்னியக்கோயில் கிட்ட ஒரு வேகத்தடை வந்தா கட்டைவிரல் வேற மந்திரத்தை விட்டுடும். பஸ்ஸுக்கு முறை வச்சு ஆடுறதுதான் சரி. நடுவுல மூடினாலும் அதே கட்டத்துல காத்திருக்கும்.

வில்லியனூர்_வித்தைக்காரன்:
ஓநாய் அண்ணன் சொன்னதோடு இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். சர்வரை நம்பிய ஆட்டம் நம் கடற்கரைக்கு எப்போதும் பொருந்தாது. 2024 நவம்பர் 30 அன்று பெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அதுபோன்ற நாள்களில் மின்சாரமும் சிக்னலும் போனால் ரெசின் 200-ல் நின்றுவிடும், அதற்கு மேல் ஊறுவதெல்லாம் வீண். ஹோன்காய் ஸ்டார் ரெயில் என்ற ஆட்டம் இதைக் கவனித்திருக்கிறது. சக்தி நிரம்பிய பிறகும் 18 நிமிடத்துக்கு 1 வீதம் தனிச் சேமிப்பில் 2,400 வரை சேரும். ஆட்டக்காரரைத் தினமும் வரச்சொல்லி மிரட்டாத வடிவமைப்பு இது. முடிவா, வளர்ச்சியா என்பதைவிட, ஆட்டம் நம் நேரத்தை மதிக்கிறதா என்பதுதான் எனக்குப் பெரிய கேள்வி.

அடுத்தது தமிழ். இங்கே சொந்தமாக ஆட்டம் செய்ய நினைப்பவர்கள் எஞ்சினை, அதாவது ஆட்டம் உருவாக்கும் மென்பொருளை, தேர்ந்தெடுக்கும் முன்பே இதைச் சோதியுங்கள். யூனிட்டி எஞ்சினில் எழுத்தைக் காட்டும் டெக்ஸ்ட்மெஷ் புரோ தமிழ் எழுத்துகளை வரிசை மாற்றி அடுக்காது. 'கெ' என்று கொடுத்தால் கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் நிற்கும். கோடோ 4 எஞ்சின், எழுத்துகளைச் சரியாக அடுக்கும் ஹார்ஃப்பஸ் நிரலைப் பயன்படுத்துவதால் சரியாக வரும். கொ, கௌ, க்ஷ, ஸ்ரீ நான்கும் வரும் ஒரு வரியை முதல் நாளே திரையில் போட்டுப் பாருங்கள். பெட்டியின் அகலத்தை ஆங்கில வசனத்துக்கு அளந்து வைத்தால் தமிழ் வசனம் வெளியே வழியும்.

மஞ்சக்குப்பம்_மாயாவி:
நேரத்தை மதிக்கணும்ங்கிறதுல நான் வித்தைக்காரர் பக்கம். அதே அளவுகோலை கச்சாவுக்கும், அதாவது ஆளையும் ஆயுதத்தையும் குலுக்கல்ல இழுக்குற முறைக்கும், வைங்க. ஜென்ஷின்ல 5 நட்சத்திர ஆள் ஒரு இழுப்புக்கு 0.6%. 73 இழுப்புல ஒண்ணுகூட வராம இருக்க 64% வாய்ப்பு. ஜப்பான்ல 2012-லயே கம்ப்ளீட் கச்சாவை (குலுக்கல்ல ஒரு தொகுப்பை முழுசாச் சேர்த்தாத்தான் பரிசு) நுகர்வோர் துறை சட்டவிரோதம்னு சொல்லிடுச்சு. ஆப்பிள் 2017 டிசம்பர்லேர்ந்து வாய்ப்பு விகிதத்தை வெளியிடச் சொல்லுது. டயப்லோ இம்மார்டல் 2022-ல பெல்ஜியத்துலயும் நெதர்லாந்துலயும் வெளியாகவே இல்லை. சுவைக்காக மட்டுமே வச்ச அம்சத்துக்கு இத்தனை கட்டுப்பாடு ஏன் தேவைப்படுது?

முத்தியால்பேட்டை_வில்லாளி:
கட்டுப்பாடு வேணும், அதுல நமக்குள்ள சண்டையே இல்ல. ஆனா 64% கணக்கோட நிறுத்திட்டீங்க. 74-லேர்ந்து வாய்ப்பு கிடுகிடுன்னு ஏறும், 90-ல நிச்சயம். நினைச்ச ஆள் வராம வேற ஆள் வந்தா அடுத்தது கண்டிப்பா நினைச்ச ஆள்தான். ஆக மோசமான நிலைமைன்னா 180 இழுப்பு, 28,800 ப்ரைமோஜெம் (இழுக்கச் செலவாகுற மணி). தினசரி வேலையில 60, மாசத்துக்கு 1,800, அதாவது 11 இழுப்பு. நிகழ்வுகளும் அபிஸும் தனி. எண்ணிக்கை அடுத்த பேனருக்கும் (குறிப்பிட்ட ஆளுக்கான குலுக்கல்) தொடரும்ங்கிறதால, வேண்டாத பேனரைத் தொடாம விட்டுச் சேர்த்து வைக்கணும். எதைத் தொடாம விடுறோம்ங்கிறதும் முடிவுதானே?

ஷிங்ச்யூ மட்டும் வராம இருந்தா இழுக்கவே வேண்டாம். கடையில அவன் சுழற்சியில வர்ற மாசம் 34 ஸ்டார்கிளிட்டருக்கு நேரா வாங்கிக்கலாம். அந்த ஸ்டார்கிளிட்டர் நீங்க வீண்னு சொல்ற அதே இழுப்புகள்ல விழுற 4 நட்சத்திர ஆயுதத்துக்கு 2 வீதம் சேருறதுதான்.