பழைய வாஷிங் மெஷின் விற்கிறேன், பணத்தை எப்படி வாங்குவது?

வணக்கம் நண்பர்களே, வீடு மாறுவதால் பழைய வாஷிங் மெஷினை விற்க ஆன்லைனில் விளம்பரம் போட்டேன். கொஞ்ச நேரத்திலேயே ஒருவர் அழைத்தார். ராணுவத்தில் இருக்கிறாராம், பேரம் பேசவில்லை, வந்து பார்க்கவும் கேட்கவில்லை, வாட்ஸ்அப்பில் ஒரு கியூஆர் கோடு அனுப்பி, இதை ஸ்கேன் செய்து பின் நம்பரைப் போட்டால் ஒன்பதாயிரம் உங்கள் கணக்கில் ஏறிவிடும் என்கிறார். யூபிஐயில் பணம் வாங்க பின் தேவையே இல்லை, போட்டால் நம் காசுதான் போகும். பிளாக் செய்துவிட்டேன். கேட்காமலேயே அடையாள அட்டை போட்டோ வேறு!

என் குழப்பம் அதுவல்ல. இப்போது வேறொருவர் நேரில் வந்து எடுத்துக்கொள்கிறேன் என்கிறார், நல்லபடியாகத்தான் பேசுகிறார், ஆனால் பணம் யாரோ நண்பர் கணக்கிலிருந்து வருமாம். அது எவரையோ ஏமாற்றிப் பிடுங்கிய பணமாக இருந்து, அவர்கள் 1930 என்ற சைபர் மோசடிப் புகார் எண்ணில் புகார் கொடுத்தால், பணம் போய்ச் சேர்ந்த நம் கணக்கையும் முடக்கிவிடுகிறார்களே, அந்தப் பயம்தான். ரொக்கமாகக் கொடுங்கள் என்றால் இழுக்கிறார்.

யாருக்காவது இப்படிக் கணக்கு முடங்கி, மீட்ட அனுபவம் உண்டா? வங்கியில் என்ன காட்டச் சொன்னார்கள்? விற்றதற்கு ஆதாரமாக ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கினால் போதுமா, ஆதார் நகல் கேட்பது முறையா? அப்புறம், எஸ்எம்எஸ்ஸை நம்பாமல் வங்கி ஆப்பில் இருப்பைப் பார்த்த பிறகே மெஷினை ஏற்றி அனுப்பலாம் என்றிருக்கிறேன், சரிதானே? சனிக்கிழமை வண்டியோடு வருகிறார், அதற்குள் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.