1945 காலத்துக் கப்பலில் எஸ்எம்-1 ஏவுகணை: தைவான் ஏன் இப்படிச் செய்தது?

முகில்_தைனான் (கேள்வி):
இங்கே தைனான் நகரின் ஆன்பிங்கில் அருங்காட்சியகமாக நிற்கும் தே யாங் நாசகாரிக் கப்பலைப் பார்த்துவிட்டு வந்தேன். 1945-இல் அமெரிக்கக் கடற்படையில் 'சார்ஸ்ஃபீல்ட்' என்ற பெயரில் சேர்ந்தது, 1977-இல் தைவானுக்கு வந்திருக்கிறது. இவ்வளவு பழைய கப்பலில் ஏவுகணை எல்லாம் பொருத்தி இத்தனை செலவு செய்ததற்குப் புதிதாகவே வாங்கியிருக்கலாமே?

வடகாற்று:
யார் விற்பார்கள்? 1979-இல் அமெரிக்கா பெய்ஜிங்கை அங்கீகரித்துவிட்டது. சீனாவுடன் சேர்ந்து வெளியிட்ட 1982 கூட்டறிக்கையில் தைவானுக்கான ஆயுத விற்பனையைப் படிப்படியாகக் குறைப்பதாகவும் சொன்னது. கையில் இருந்ததை வைத்துத்தான் சமாளிக்க வேண்டியிருந்தது.

பழைய_ஃபிட்டர்:
தம்பி, கப்பல் பழுதுபார்க்கும் தளத்தில் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். இந்தப் பழைய கப்பல்களைத் தைவான் புதுப்பித்த 'வூ ஜின் 3' மாற்றத்தில் எனக்கு மிகவும் பிடித்தது எடைக் கணக்கு. தே யாங் போன்ற கியரிங் வகைக் கப்பலின் 5 அங்குல இரட்டைப் பீரங்கிக் கூண்டு ஒன்றே 40 டன்னுக்கு மேல் வரும். அவற்றை இறக்கிவிட்டு, எட்டு டன் அளவே உள்ள 76 மி.மீ. ஓட்டோ மெலாரா பீரங்கி ஒன்றை வைத்தார்கள். மிச்சமான எடையில் டச்சு ரேடார், விமானங்களைச் சுட எஸ்எம்-1 ஏவுகணைகள் எல்லாம் ஏறின.

அமெரிக்கக் கப்பல்களில் எஸ்எம்-1-ஐ ஏவும் கருவிக்குக் கீழே, கப்பலுக்குள் ஆழமாக ஒரு கிடங்கு இருந்தது. இந்தக் கப்பலில் அதற்கு இடம் ஏது? அதனால் ஏவுகணைகளைப் பெட்டியில் அடைத்துத் தளத்தின் மேலேயே பொருத்தினார்கள்: மூன்று ஏவுகணை கொண்ட பெட்டி இரண்டு, இரண்டு ஏவுகணை கொண்ட பெட்டி இரண்டு, மொத்தம் 10 ஏவுகணைகள். இப்படி ஏழு கப்பல்கள். தளத்தைக் கிழித்துக் கிடங்கு கட்டாமல் விட்டது நல்ல முடிவு. நாற்பது வருட இரும்பில் அந்த வேலையைத் தொட்டால் எங்கே போய் முடியும் என்று சொல்லவே முடியாது.

முகில்_தைனான்:
பத்தும் தீர்ந்துவிட்டால், அண்ணா?

பழைய_ஃபிட்டர்:
துறைமுகத்துக்குத் திரும்ப வேண்டியதுதான். அது பெரிய குறை, மறுக்கவில்லை. ஆனால் நீ கேட்ட செலவுக்கு இன்னொரு பதில் இருக்கிறது. கியரிங் கப்பல்கள் ஓய்வு பெற்றபோது அந்த ஏவுபெட்டிகளையும் போர்க் கட்டுப்பாட்டு அமைப்பையும் (ரேடாரையும் ஆயுதங்களையும் இணைத்து இயக்கும் கருவிகள்) கழற்றி, அமெரிக்காவிடம் அப்புறம் வாங்கிய நாக்ஸ் வகைக் கப்பல்களில் மாட்டினார்கள். பணம் போட்டது பழைய இரும்பில் இல்லை, கழற்றி மாட்டக்கூடிய சாமான்களில்.