தொப்பி வித்தா ஃபெராரியோட கெத்து போயிடுமா? 670 மில்லியன் பஞ்சாயத்து

வால்வு வாத்தியார்:
நேத்து டர்போ தாசன் வேற ஒரு த்ரெட்ல எழுதினதைப் படிச்சதுலேர்ந்து மண்டை காயுது, அதனால தனியாவே ஆரம்பிக்கிறேன். அவர் சொன்னது இதுதான்: "ஃபெராரி இப்போ கார் கம்பெனி இல்ல, தொப்பிக் கம்பெனி. 2024ல தொப்பியும் டீ-ஷர்ட்டும் வித்தே 670 மில்லியன் யூரோ சம்பாதிச்சிருக்கான். எவன் வேணா தலையில மாட்டிக்கலாம்னா அப்புறம் என்ன கெத்து?" இதுக்குக் கீழ ஆளாளுக்கு கைதட்டல் வேற. அய்யா, அந்த 670 மில்லியன் தொப்பிக் காசே கிடையாது. ஆண்டறிக்கையில அந்த வரியோட பேரு ஸ்பான்சர்ஷிப், வணிகம், பிராண்டு, மூணும் சேர்த்து ஒரே வரி. ஃபார்முலா 1 ரேஸ் டீமுக்கு எண்ணெய்க் கம்பெனி ஷெல் கொடுக்குற ஸ்பான்சர் காசு, 2024ல வந்த கம்ப்யூட்டர் கம்பெனி எச்பி கொடுக்குற காசு, ஃபார்முலா 1 வருமானத்துல டீமுக்கு வர்ற பங்கு எல்லாம் அதுக்குள்ளதான் கிடக்கு. அந்த வருஷம் மொத்த வருமானம் கிட்டத்தட்ட 6.68 பில்லியன், அதுல 5.7 பில்லியன் காரும் உதிரி பாகமும். இது கார் கம்பெனி இல்லையாம்!

டர்போ தாசன்:
என் பேரைப் போட்டே த்ரெட்டா, ரொம்ப சந்தோஷம் வாத்தியாரே. இவ்வளவு நீளமா எழுதினீங்களே, ஒண்ணே ஒண்ணு சொல்லலையே, அந்த 670ல தொப்பி எவ்வளவு? சொல்லுங்க பாப்போம். சொல்ல முடியாது. அந்த வரியிலயே பிராண்டுன்னு எழுதியிருக்கான்ல, அப்போ தொப்பி அதுல இருக்கு. நான் சொன்னதுல என்ன தப்பு? அபுதாபியில 2010ல தீம் பார்க், ஸ்பெயின்ல 2017ல இன்னொண்ணு. மணிக்கு 240 கிலோமீட்டர்ல ரோலர் கோஸ்டர் ஓட்டி அதுக்கு ஃபார்முலா ரோஸான்னு பேரு. ஒரு காலத்துல ஃபெராரி முத்திரையில இருக்கிற அந்தக் குதிரையைப் பார்த்தாலே ரோட்ல நின்னு பார்ப்பாங்க, இப்போ பஸ்ஸுக்கு நிக்குற பையன் தலையில இருக்கு. திரும்பிக்கூட எவனும் பார்க்கல.

வால்வு வாத்தியார்:
பிரிச்சுப் போடல, உண்மைதான். பிரிச்சுப் போடாததை மொத்தமா தொப்பி கணக்குல எழுத உங்களுக்கு யார் உரிமை கொடுத்தா? "வித்தே 670 மில்லியன்"னு எழுதினது நீங்க, நான் இல்ல. அதை வாபஸ் வாங்குங்க, அப்புறம் மத்ததைப் பேசலாம்.

பஸ்ஸுக்கு நிக்குற பையன் தொப்பி போட்டா கார் வச்சிருக்கிறவனுக்கு எங்க வலிக்குது? அந்தப் பையன் ஞாயித்துக்கிழமை ரேஸ் பார்க்குறவன். ஃபெராரி டீம் தோத்தா சாப்பிடாம படுக்குறவன். அவன் மாதிரி கோடிப் பேர் அந்தக் குதிரையைப் பார்த்து ஏங்குறதாலதான் வாங்குறவனுக்கே அதுல ருசி. யாருமே ஆசைப்படாத ஒண்ணை ஒருத்தன் வச்சிருந்தா அதுக்குப் பேரு கெத்தா?

பழைய இரும்பு:
ஃபெராரியாவது பரவாயில்ல அண்ணே. லம்போகினிய பாருங்க. காபி, எனர்ஜி ட்ரிங்க், போனு, வாட்ச், ஹோட்டல் வரைக்கும் போயிட்டான். ஒரு கடையில லம்போகினி எனர்ஜி ட்ரிங்க் டின்னு அடுக்கி வச்சிருந்ததைப் பார்த்ததுலேர்ந்து அந்தக் கார் மேல இருந்த மரியாதையே போச்சு எனக்கு.

வால்வு வாத்தியார்:
தம்பி, அது டோனினோ லம்போகினி. லம்போகினி காரை ஆரம்பிச்ச ஃபெருச்சியோவோட பையன் டோனினோ 1981ல ஆரம்பிச்ச தனிக் கம்பெனி. காருக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. கார் கம்பெனி ஃபோக்ஸ்வாகன் குரூப்ல ஆடி (Audi) கம்பெனிகிட்ட இருக்கு. முத்திரையே வேற, அவங்க காளை சிவப்புக் கேடயத்துல நிக்கும், காரோடது கறுப்பும் தங்கமும். எத்தனை தடவதான் இதைச் சொல்றது இங்க.

பழைய இரும்பு:
சம்பந்தம் இல்லைன்னு உங்களுக்குத் தெரியும், டின்னை கையில எடுக்குறவனுக்கு? அவன் கண்ணுக்கு காளை, லம்போகினி, அவ்வளவுதான். கெடுறது காரோட பேருதானே. யாரு வித்தான்னு ஜாதகம் பார்த்தா வாங்குறான்?

வால்வு வாத்தியார்:
அப்படின்னா லம்போகினி டிராக்டருக்கும் சேர்த்து அழுங்க. கார் வர்றதுக்கு முன்னாடியே அந்தப் பேர்ல ஓடினது டிராக்டர்தான், ஃபெருச்சியோ மொதல்ல சம்பாதிச்சதே அதுலதான். இன்னிக்கும் வேற ஒரு கம்பெனி அந்தப் பேர்ல டிராக்டர் வித்துக்கிட்டுதான் இருக்கு. வயல்ல சேத்துல நிக்குற வண்டியில லம்போகினின்னு எழுதியிருக்கு, கார் மவுசு எங்க குறைஞ்சுது? ஹெர்ஃபோர்டுல புகாட்டின்னு ஒரு துணிக் கம்பெனி இருக்கு, கோட்டு, ஷூ எல்லாம் விக்குது, காரோட அதுக்கும் உறவே கிடையாது. அதுக்காக புகாட்டியோட சிரான் கார் வாங்க இருந்தவன் எவனாவது வேண்டாம்னு எழுந்து போனானா?

பழைய இரும்பு:
டிராக்டரை கேவலமா பேசாதீங்க. டிராக்டர்ங்கிறது இன்ஜின் வேலை. எங்க அப்பா டிராக்டர் மெக்கானிக். டின்னுல சர்க்கரைத் தண்ணிய ஊத்தி விக்குறதும் டிராக்டரும் ஒண்ணா?

வால்வு வாத்தியார்:
நான் எங்க கேவலமா பேசினேன்? மேல போய் திரும்பப் படிங்க.

நெடுஞ்சாலை நிலா:
டிராக்டர் சண்டைய அப்புறம் வச்சுக்கோங்க ரெண்டு பேரும். வாத்தியார் சார், ஒண்ணு கேக்குறேன். தொப்பியால கெத்து குறையாதுன்னு இவ்வளவு அடிச்சு சொல்றீங்க. 2019 நவம்பர்ல ஃபெராரியே என்ன அறிவிச்சுது? ஃபெராரி பேர்ல பொருள் விக்க மத்தவங்களுக்குக் கொடுத்த லைசென்ஸ் ஒப்பந்தத்துல பாதிய வெட்டுறோம், பொருள் வகையில 30 சதவீதத்தை ஒழிக்கிறோம்னு. கமில்லேரி தலைமையில இருந்த காலம். ஒண்ணுமே குறையலன்னா எதுக்கு வெட்டணும்? கையில வர்ற ராயல்ட்டிய ஒரு கம்பெனி சும்மா விடுமா? கண்ட பொருள்லயும் குதிரைய ஒட்டி ஒட்டி பேரு தேயுதுன்னு ஃபெராரியோட ஊரான மரனெல்லோல இருக்கிறவங்களுக்கே தெரிஞ்சுபோச்சு, உங்களுக்குத்தான் தெரியல.

டர்போ தாசன்:
அக்கா, அடிச்சீங்க பாருங்க! இதைத்தான் நான் நேத்துலேர்ந்து சொல்றேன். வாத்தியார் பதில் சொல்லட்டும். 670ல தொப்பி எவ்வளவுங்கிறதுக்கும் சேர்த்து.

வால்வு வாத்தியார்:
நிலா மேடம், நல்ல கேள்வி, ஆனா பாதியிலயே நிறுத்திட்டீங்க. வெட்டினதுக்கு அப்புறம் என்ன செஞ்சாங்க? கடைய மூடிட்டுப் போனாங்களா? 2021 ஜூன்ல அதே மரனெல்லோ ஃபேக்டரியில, கார் பூட்டுற லைன் மேலயே மாடல்களை நடக்க விட்டு முதல் துணி கலெக்‌ஷன் காட்டினாங்க, டிசைன் பொறுப்பு ராக்கோ இயன்னோனே. அப்போ அவங்க முடிவு "விக்கக் கூடாது" இல்ல, "கண்டவன் கையில லைசென்ஸ் கொடுக்காதே, நாமளே செய்வோம், ஒழுங்கா செய்வோம்". டிசைனர் பியர் கார்டின் தன் பேரை எது எதுக்கோ லைசென்ஸ் கொடுத்து அந்தப் பேரு எப்படி மலிஞ்சுபோச்சுன்னு ஃபேஷன் உலகத்துல எல்லாருக்கும் தெரியும், அந்தக் குழியில விழாமத்தான் இவங்க ஒதுங்கினாங்க. கெடுத்தது பொருள் இல்ல, மட்டமான பொருள்.

டர்போ தாசன்:
அப்போ மட்டமான பொருள் கெடுக்கும்னு ஒத்துக்கிட்டீங்க. கேஸ் முடிஞ்சுது.

வால்வு வாத்தியார்:
ஒத்துக்கல. நீங்க சொன்னது தொப்பி வித்து 670 மில்லியன், அதனால கெத்து போச்சு. அது ரெண்டும் பொய்.

போர்ஷேவை எடுத்துக்கோங்க. 911 காரை வரைஞ்ச ஃபெர்டினாண்ட் அலெக்சாண்டர் போர்ஷே 1972ல போர்ஷே டிசைன் ஆரம்பிச்சார். முதல் பொருள் முழுக்க கறுப்பா ஒரு வாட்ச், டேஷ்போர்டு மீட்டர் மாதிரி கண்ணு கூசாம படிக்கணும்னு. வாட்ச், கண்ணாடி, பேனா, பைன்னு ஐம்பது வருஷத்துக்கு மேல விக்குறாங்க. 911 மவுசு எந்த வருஷம் குறைஞ்சுது, தேதி சொல்லுங்க.

டர்போ தாசன்:
ஹலோ ஹலோ, ஒரு நிமிஷம். லம்போகினி டின்னு வந்தப்போ "அது தனிக் கம்பெனி, சேர்க்காதே"ன்னு இரும்பு தம்பியை விரட்டினீங்க. போர்ஷே டிசைனும் அப்போ தனிக் கம்பெனிதானே? போர்ஷே கார் கம்பெனி அதுல பெரும்பங்கு வாங்கினது 2003ல. உங்களுக்கு எதிரா இருந்தா தனிக் கம்பெனி, உங்க பக்கம் இருந்தா ஒரே குடும்பமா? இதே வேலையைத்தான் போன தடவ போர்ஷேவோட கெயென் எஸ்யூவி பத்தின த்ரெட்லயும் செஞ்சீங்க, மாட்டினதும் ராத்திரியோட ராத்திரியா காணாம போனீங்க. எல்லாருக்கும் ஞாபகம் இருக்கு.

வால்வு வாத்தியார்:
கெயென் த்ரெட்ல காணாம போனது யாருன்னு போய்ப் பாருங்க. 2002ல அந்த வண்டி வந்தப்போ "போர்ஷே செத்துச்சு"ன்னு சொன்னவங்க பக்கம் நின்னது நீங்க, அந்த வண்டிதான் கம்பெனிக்கு சோறு போட்டுச்சுன்னு நான் எழுதினதுக்கு இன்னிக்கு வரைக்கும் உங்ககிட்ட பதில் இல்ல. போர்ஷே டிசைனை ஆரம்பிச்சது காரை வரைஞ்ச அதே கை. டோனினோ எந்தக் காரை வரைஞ்சார்?

ஷேர் பித்தன்:
ஒரு சின்ன விஷயம். 2015 அக்டோபர்ல நியூயார்க்ல ஃபெராரி பங்கு 52 டாலருக்கு வந்துச்சு. எங்களை கார் கம்பெனி மாதிரி மதிப்பிடாதீங்க, ஆடம்பரப் பொருள் கம்பெனி மாதிரி பாருங்கன்னுதான் அப்போ ஃபெராரி தலைவரா இருந்த மார்க்கியோன்னே கேட்டார். சிரிச்சாங்க. அதுக்கப்புறம் அந்தப் பங்கு எத்தனை மடங்கு ஏறிச்சுன்னு எல்லாரும் பார்த்தாச்சு. 2018ல ஆஸ்டன் மார்ட்டின் 19 பவுண்டுக்கு வந்து அதலபாதாளத்துக்குப் போச்சு. ஆஸ்டனும் படகு வித்தான், மயாமியில அடுக்குமாடி கட்டினான்.

டர்போ தாசன்:
பாத்தீங்களா, படகு வித்தான், அழிஞ்சான்.

வால்வு வாத்தியார்:
படகாலயா அழிஞ்சான்? ஆஸ்டனுக்கு கடன்தான் கழுத்தை நெரிச்சுது. கெத்து போன கதை வேணும்னா ஆஸ்டனோட சிக்னெட் காரைப் பேசுங்க. 2011ல டொயோட்டா ஐக்யூங்கிற குட்டிக் காரை வாங்கி, மூஞ்சிய மாத்தி, தோலைத் தச்சு, ஆஸ்டன் மார்ட்டின்னு வித்தான். ஆள் வாங்கல, ரெண்டு மூணு வருஷத்துல இழுத்து மூடினான். அது தொப்பி இல்ல, கார்! பேரைக் கெடுக்குறது காருதான்னு நான் சொல்றது இதனாலதான்.

ஃபெராரியிலயே பாருங்க. 2013ல அப்போதைய தலைவர் மான்டெசெமோலோ வேணும்னே உற்பத்தியைக் குறைச்சு, வருஷத்துக்கு 7,000க்குக் கீழ வைப்போம்னார், அந்த வருஷம் 6,922 கார்தான் போச்சு. சந்தை கேக்குறதை விட ஒண்ணு குறைச்சலா செய்யணும்ங்கிறது கம்பெனியை ஆரம்பிச்ச என்ஸோ ஃபெராரி காலத்துப் பாடம். 2024ல எத்தனை கார்? 13,752. கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. புரோசாங்குவேன்னு நாலு கதவு வண்டி வேற. அரிதா இருக்கிறதுதான் கெத்துன்னு உங்களுக்கு உண்மையிலேயே அக்கறை இருந்தா இந்த நம்பரைப் பார்த்துல்ல கொதிக்கணும்? தலையில இருக்கிற துணியையே பார்த்துக்கிட்டிருந்தா எப்படி?

நெடுஞ்சாலை நிலா:
13,752ங்கிறது உலகம் முழுக்க சார், ரோட்ல ஒண்ணு பார்க்குறதே இன்னும் அபூர்வம்தான். தொப்பிய எங்க போனாலும் பார்க்கலாம். கண்ணுல படுறது எது? ரோல்ஸ் ராய்ஸும்தான் பொருள் விக்குறான், 2018ல ஷாம்பெயின் பெட்டி போட்டான், அதை வாங்குறவன் அந்தக் காரையும் வாங்கக்கூடியவன். அங்க வாசல் ஒண்ணுதான். ஃபெராரி வாசலைத் திறந்து விட்டுட்டு உள்ள இருக்கிறவங்களைப் பார்த்து நீங்க மட்டும் ஸ்பெஷல்ங்கிறான்.

வால்வு வாத்தியார்:
ரோல்ஸ் ராய்ஸுக்கு ரேஸ் டீம் இருக்கா மேடம்? ஃபெராரிக்கு 1929லேர்ந்து ஸ்குடேரியாங்கிற ரேஸ் டீம் இருக்கு, கார் விக்க ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே ரேஸ். ரசிகன் அந்தக் கம்பெனிக்கு வெளியாளே கிடையாது. கேடயத்துக்குள்ள குதிரை இருந்தா அது ரேஸ் டீம், அந்தத் தொப்பி அவன் டீமுக்குக் கட்டுற கொடி. கார் மூக்குல இருக்கிற நீளச் சதுர முத்திரை வேற. அதைக்கூட பிரிச்சுப் பார்க்காம எல்லாத்தையும் ஒரே கூடையில போடுறீங்க.

நெடுஞ்சாலை நிலா:
ஃபெராரி பேர்ல வந்த பெர்ஃப்யூம் எந்த ரேஸ்ல ஓடுச்சு சார்?

பழைய இரும்பு:
டிராக்டரைப் பத்தி பேசினதுக்கு இன்னும் பதில் வரல.

வால்வு வாத்தியார்:
பெர்ஃப்யூமை நான் ஆதரிச்சு ஒரு வரி எழுதியிருந்தா எடுத்துப் போடுங்க. நான் கேட்டதுக்குத்தான் இங்க யாருமே பதில் சொல்லல. ஷெல் காசும் எச்பி காசும் தொப்பிக் காசா இல்லையா? தாசன், ஆமா இல்லைன்னு ஒரு வார்த்தை.

டர்போ தாசன்:
தொப்பி எவ்வளவுன்னு மொதல்ல நீங்க சொல்லுங்க, அப்புறம் நான் சொல்றேன். எச்பி எதுக்கு காசு கொடுக்குறான்? அந்தத் தொப்பியிலயும் எச்பின்னு எழுதியிருக்கே!