அப்பப்பாவின் காணி, வேலைப் பதிவுகளை எங்கே தேடுவது?

உறவுகளே, வணக்கம். அப்பப்பாவின் 31ஆம் நாள் நினைவு மலருக்கு வாழ்க்கைக் குறிப்பு எழுத உட்கார்ந்தேன். காணி கிடைத்த ஆண்டும் வேலையில் சேர்ந்த ஆண்டும் தெரியாமல் அப்படியே நிற்கிறேன்.

ஐம்பதுகளில் யாழ்ப்பாணத்திலிருந்து கிளிநொச்சிப் பக்கம் வட்டக்கச்சிக் குடியேற்றத் திட்டத்துக்குப் போனவர். 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் கொடுத்த பேமிற் (அனுமதிப்பத்திர) காணி. காடு வெட்டி, கட்டை கிளப்பி, கொட்டில் போட்டு, யானைக்குப் பயந்து இரவிரவாகத் தீ மூட்டியிருந்த கதையைக் கடைசி வரைக்கும் சொன்னார். பிறகு நீர்ப்பாசனத் திணைக்களத்தில் தொழிலாளி. இரணைமடுக் குளத்து வாய்க்காலில் துருசு (தண்ணீர் விடும் மதகு) திறந்து பூட்டுகிற வேலை. மழை இரவில் சாரத்தை மடித்துக் கட்டி, ரோச் லைற்றோடு புறப்படுவார். துருசுத் திறப்பு பிடித்துப் பிடித்து வலது உள்ளங்கை மரம்போல் காய்த்திருந்தது.

பேமிற், சம்பளச் சீட்டு எல்லாம் ஒரு தகரப் பெட்டியில் இருந்தன. 2009 இடப்பெயர்வில் பெட்டியே போய்விட்டது. பிரதேச செயலகத்தில் கேட்டோம், பழைய பதிவேடு இல்லை என்றார்கள். அவரோடு குடியேறிய இருவரிடமும் விசாரித்தோம். ஆளுக்கொரு ஆண்டு சொல்கிறார்கள். ஓய்வூதிய இலக்கமும் கையில் இல்லை.

கிளிநொச்சி தனி மாவட்டமானது 1984இல்தான். அதற்கு முன், யாழ். மாவட்டத்தோடு இருந்த காலத்துக் குடியேற்றவாசிகளின் பெயர்ப் பட்டியலை இப்போது எந்த அலுவலகத்தில் பார்க்கலாம்?